நானே எழுதிக் கொடுத்த ராஜினாமா

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெருப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். இங்கேயே இன்ஜினியரிங் படிச்சு, மூணு வருஷமா சென்னையில பொட்டி தட்டுறவன். வழக்கமா ஊருக்கு வந்தா அம்மா குடுக்கிற காப்பியைக் குடிச்சிட்டு, அப்பாகிட்ட கிரிக்கெட் பேசிட்டுப் போயிடுவான். அன்னைக்குக் காப்பி அப்படியே ஆறிப்போய் ஆடை கட்டிடுச்சு. போனை என்கிட்ட நீட்டி, "அண்ணா, இதைப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்"ன்னான்.

ஹெச்ஆர் மெயில். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அரை மணி நேரம் 'கேரியர் டிஸ்கஷன்'. மேல ஒரு வரி கிடையாது, கீழ ஒரு வரி கிடையாது.

"சும்மா பேசத்தானேண்ணா கூப்பிட்டிருப்பாங்க?"

எனக்கும் 2017 மே மாசம் இதே மாதிரி ஒரு மெயில் வந்துச்சு. நானும் இதே கேள்வியைத்தான் தங்கமணிகிட்ட கேட்டேன். அந்தக் கதையை இத்தனை வருஷமா யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. அவனுக்கு அன்னைக்குச் சொன்னேன். இப்ப உங்களுக்கும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல ஊர் பத்தி நாலு வரி. திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் ரோட்டுல பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் தாண்டினா, ஒரு சின்னக் குன்று மேல சோழர் காலத்துக் கோவில் தெரியும். எறும்பீஸ்வரர். ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, 'மலைக்கோவில்'னாத்தான் கண்டக்டருக்கே புரியும். அதுக்கு அடுத்து திருவெறும்பூர். அதையும் தாண்டினா பெல். 1960-கள்ல பாய்லர் ஃபேக்டரி வந்துச்சு, பக்கத்துலயே துப்பாக்கி ஃபேக்டரியும் வந்துச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதி வீட்டுல அடுப்பு எரிஞ்சது அந்த ரெண்டு கேட்டை நம்பித்தான்.

எங்க வீட்டு அடுப்பும் அப்படித்தான். அப்பா பெல்லுல ஹை பிரஷர் வெல்டர். சாதாரண வெல்டர்னு சொன்னா அவருக்குக் கோவம் வரும். பாய்லர் குழாயை ஒட்ட வைக்கிறதுக்குத் தனியா டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணணும், அதுக்கு இந்திய பாய்லர் விதிகள்னு 1950-லேர்ந்தே ஒரு புத்தகம் இருக்கு. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர். அவர் ஒட்டின ஜாயின்ட் பக்கத்துல அந்த நம்பரை அடிச்சு வெப்பாங்க. அப்புறம் எக்ஸ்ரே எடுப்பாங்க. உள்ள ஒரு சின்னக் காத்துக்குமிழ் இருந்தாலும் ஃபிலிம்ல தெரிஞ்சிடும், யாரோட வேலைன்னும் தெரிஞ்சிடும். தப்பு பண்ணினா மெமோ வரும். பதில் எழுதணும். ஒத்துக்கலைன்னா விசாரணை, கூட சங்கத்து ஆள் ஒருத்தர் வருவார். இதெல்லாம் சோத்துக்கு நடுவுல கேட்டுக் கேட்டு வளந்தவன் நான்.

அப்படி ஒரு வீட்டுலேர்ந்து நான் போய்ச் சேர்ந்தது ஒரு இன்டர்நெட் கம்பெனி. பேரு வேணாம். சென்னை ஓ.எம்.ஆர்-ல கண்ணாடிக் கட்டடம், அங்கே வேலை செஞ்சவங்களுக்கு நான் சொல்லாமலே அந்த மாதிரி பத்து கட்டடம் ஞாபகம் வரும். ஆன்லைன்ல சாமான் விக்கிற சைட். என் வேலை புரொடக்‌ஷன் சப்போர்ட். சைட் படுத்துடாமப் பாத்துக்கணும், படுத்தா எழுப்பி விடணும். "கடைக்கு ராத்திரி வாட்ச்மேன் மாதிரி"ன்னு அப்பாகிட்ட விளக்கினேன். "வாட்ச்மேனுக்குப் பகல்ல தூக்கம் உண்டே"ன்னார்.

அவர் கேட்டது சரிதான். எங்களுக்கு 'ஆன்-கால்'னு ஒரு ஏற்பாடு. பேரைக் கேட்டா ஏதோ டாக்டர் வேலைன்னு தோணும். ஒரு வாரம் முழுக்கப் போன் நம்ம தலைமாட்டுல இருக்கும். டேட்டாபேஸ் மெதுவாச்சுன்னா அலாரம், டிஸ்க் நிறைஞ்சா அலாரம், பணம் கட்டுற பக்கம் திறக்கலைன்னா அலாரத்தோட மேனேஜரும். அலாரம் வந்து பதினைஞ்சு நிமிஷத்துல லாகின் பண்ணலைன்னா அது நம்ம கணக்குல ஏறும். தீபாவளி சேல் சமயத்துல மூணு நாள் வீட்டுக்கே போகாம பீன்பேக்ல படுத்திருக்கேன். விடிஞ்சதும் ஒன்பதரைக்கு வழக்கம் போல மீட்டிங். அப்பாவுக்கு ஓவர்டைம்னா ஃபேக்டரிச் சட்டப்படி டபுள் சம்பளம். எங்களுக்கு பீட்சா.

இதையெல்லாம் அப்போ நான் கஷ்டமாவே நெனைக்கலைங்கறதையும் சொல்லிடணும். ராத்திரி ரெண்டே முக்காலுக்குப் படுத்த சைட்டை மூணு மணிக்கு எழுப்பி விட்டா ஒரு கிக் இருக்கும் பாருங்க. லட்சக்கணக்கான பேர் தூங்கறாங்க, நம்ம ஒருத்தனால கடை திறந்திருக்குன்னு. அந்தக் கிக்குக்காகத்தான் பாதிப் பேர் அங்கேயே கெடந்தோம்.

மூணாவது வருஷம் என்னை லீட் ஆக்கினாங்க. டீம்ல எட்டு பேர். சம்பளம் கொஞ்சம் ஏறுச்சு, கூடவே அப்ரைசல் போடுற வேலையும் வந்துச்சு. 'பெல் கர்வ்' தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். டீம்ல எல்லாரும் நல்லா வேலை செஞ்சாலும் எல்லாருக்கும் நல்ல மார்க் போட முடியாது. இத்தனை சதவீதம் மேல, இத்தனை நடுவுல, இத்தனை கீழன்னு முன்னாடியே முடிவாகி வந்துடும். பெயிலாக ஆள் இல்லைன்னாலும் ஒருத்தரைப் பெயிலாக்கித்தான் ஆகணும்.

எட்டு பேர்ல ஒருத்தர் கீழ. மேனேஜர் எக்செல் ஷீட்டை அனுப்பிட்டு, "யாருன்னு நீங்களே பாத்து ஃபில் பண்ணிடுங்க"ன்னார்.

ரெண்டு நாள் அந்த ஷீட்டைத் திறந்து திறந்து மூடினேன். ஒருத்தன் வீட்டுக்கடன் கட்டுறான். ஒருத்தன் சண்டைக்காரன், போட்டா ஊரையே கூட்டுவான். ஒருத்தன் மேனேஜருக்குச் செல்லம். கடைசியா மண்ணச்சநல்லூர்ப் பொண்ணு ஒண்ணு. நம்ம ஊர்ப் பக்கம்னு என்கிட்ட பாசமா இருக்கும், அண்ணா அண்ணான்னு கூப்பிடும். வேலையில ஒரு குறையும் கிடையாது. அதிகம் பேசாது. கேள்வி கேக்காது. அதனால அந்தப் பொண்ணு பேரைப் போட்டேன்.

காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. 'இன்னும் முனைப்பு தேவை'ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதினேன். அந்த ரெண்டு வரி எழுத எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகலை. நாலு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு பேப்பர் போட்டுட்டுப் போச்சு. எல்லாருக்கும் சுவீட் குடுத்துச்சு. 'சொந்தக் காரணம்'னு மெயில்ல எழுதியிருந்துச்சு. நானும் வாழ்த்து சொல்லி ரிப்ளை போட்டேன்.

அடுத்த வருஷம் மே மாசம் எனக்கு மெயில் வந்துச்சு.

சின்ன ரூம். ஹெச்ஆர் அம்மா ஒருத்தர், நான் அதுவரைக்கும் பாத்தே இருக்காத இன்னொரு ஆள். மேஜையில தண்ணி பாட்டிலும் டிஷ்யூ பெட்டியும். டிஷ்யூவைப் பாத்ததுமே புரிஞ்சு போச்சு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீங்களா ராஜினாமா பண்ணிட்டா நோட்டீஸ் மாசச் சம்பளம் வரும், ரிலீவிங் லெட்டர்ல 'குட்'னு வரும். இன்னொண்ணு, நாங்களா அனுப்பினா அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அதைச் சொல்ல வேண்டியிருக்கும். யோசிச்சுச் சொல்றேன்னேன். "இந்த ரூமை விட்டுப் போறதுக்குள்ள சொன்னா உங்களுக்கு நல்லது"ன்னாங்க. ராஜினாமா லெட்டர் ஏற்கெனவே டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சு. நான் அதை என் மெயில்லேர்ந்து அனுப்பணும், அவ்வளவுதான்.

அனுப்பினேன். 'சொந்தக் காரணங்களுக்காக' அதுல இருந்துச்சு. அந்தப் பொண்ணோட மெயில்ல இருந்த அதே வார்த்தை. அப்பத்தான் உறைச்சுது, அதையும் அது எழுதலைன்னு.

நான் சீட்டுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள லாகின் போயிடுச்சு. அன்னைக்கு நான் ஆன்-கால். நடுவுல ஏதோ அலாரம் அடிக்குது, பாக்கறதுக்கு எனக்கு அனுமதி இல்ல. செக்யூரிட்டி கூட நின்னு பையைப் பாத்தார். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லலைங்கறது ஒண்ணுதான் ஆறுதல்.

அங்கே வேலை செஞ்சது நாலு வருஷம் மூணு மாசம். கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் வேணும். அது போச்சு. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோட முடிஞ்சுது. தங்கமணி அப்போ அஞ்சு மாசம். புதுசா இன்சூரன்ஸ் எடுத்தா பிரசவத்துக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும்னான் ஏஜென்ட். குழந்தை எங்கே காத்திருக்கும்?

மூணு நாள் யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் கோயம்பேட்டுல பஸ் ஏறி, விடிகாலை பால்பண்ணையில எறங்கி வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில பேப்பர் படிச்சிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்:

"மெமோ குடுத்தாங்களா?"

"இல்லப்பா."

"விசாரணை வெச்சாங்களா?"

"இல்ல."

"என்ன தப்புன்னு எழுத்துல குடுத்தாங்களா?"

"இல்லப்பா. நானாத்தான் எழுதிக் குடுத்தேன்."

"நீயா எழுதிக் குடுத்தியா? அப்புறம் எப்புடிடா அவங்க அனுப்பினாங்கன்னு சொல்ற?"

என்னால பதில் சொல்ல முடியலை. முப்பத்தி நாலு வருஷம் ஒரு கேட்டுக்குள்ள போய் வந்த மனுஷனுக்கு இதை எப்படிப் புரிய வைக்கிறது? ஆனா யோசிச்சுப் பாத்தா அவர் கேட்டது சட்டப்படி ரொம்பச் சரியான கேள்வி. அது எனக்கு அப்புறம் தேடிப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது.

அப்போ நடப்புல இருந்தது 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம். அதுப்படி ஒரு வருஷத்துக்கு மேல வேலை பாத்த தொழிலாளியை ஆள்குறைப்பு பண்ணணும்னா ஒரு மாச நோட்டீஸ் தரணும், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைஞ்சு நாள் சம்பளம் தரணும், அரசுக்கும் தெரிவிக்கணும். ஆனா தானா வேலையை விட்டுப் போறவனுக்கு இது எதுவும் கிடையாது. அந்த ஒரு மெயிலுக்கு இருந்த மதிப்பு அதுதான். நான் 'நானா போறேன்'னு எழுதினதும் ஆள்குறைப்புங்கற வார்த்தையே காணாமப் போச்சு. எனக்கு வர வேண்டியிருந்த ரெண்டு மாசச் சம்பளமும் போச்சு. லீடுங்கற பட்டத்தை வெச்சு நீ தொழிலாளியே இல்லைன்னு வாதாடியிருப்பாங்கதான். வாதாடட்டுமே. வாதாட வேண்டிய அவசியமே இல்லாம நான் பண்ணிக் குடுத்துட்டேன்.

இத்தனைக்கும் இந்த வாதம் சென்னையில ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருந்துச்சு. 2014 டிசம்பர்ல டிசிஎஸ்ல ஆளைக் குறைக்கிறாங்கன்னு பெரிய பேச்சு கெளம்புச்சு. பேசப்பட்ட எண்ணிக்கையைக் கம்பெனி மறுத்துச்சு, வருஷா வருஷம் நடக்கிற வேலைத்திறன் மதிப்பீடுதான்னு சொல்லுச்சு. 2015 ஜனவரியில கர்ப்பமா இருந்த ஒரு ஊழியர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனாங்க. அவங்களை வேலையை விட்டு எடுக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை குடுத்துச்சு, அப்புறம் கம்பெனியும் அந்த உத்தரவை வாபஸ் வாங்குச்சு. அடுத்த வருஷம், 2016-ல, ஐடி கம்பெனிகளுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அங்கே வேலை செய்யறவங்க சங்கம் வெச்சுக்கலாம்னு தமிழக அரசே தெளிவுபடுத்துச்சு.

அந்த அம்மா கோர்ட்டுக்குப் போன செய்தியை நான் ஆபீஸ் கேன்டீன்ல உக்காந்து போன்ல படிச்சேன். "பாவம்ல"ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். அது சர்வீஸ் கம்பெனி, நம்மளது பிராடக்ட் கம்பெனி, நமக்கு இதெல்லாம் வராதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். ஹூம்.

அதுக்கப்புறம் உலகமே பாத்தது. 2022 நவம்பர்ல ட்விட்டர் கிட்டத்தட்ட பாதி ஆளை அனுப்புச்சு, லேப்டாப் திறக்கலைங்கறதை வெச்சே வேலை போனதைத் தெரிஞ்சுக்கிட்டவங்க உண்டு. அதே மாசம் மெட்டா 11,000 பேர். 2023 ஜனவரியில கூகுள் 12,000 பேர். 2025 ஜூலையில டிசிஎஸ் தன் ஆட்கள்ல ரெண்டு சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சுது. அதே வருஷம் நவம்பர் 21-லேர்ந்து பழைய சட்டத்துக்குப் பதிலா தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. அதுலயும் அந்த ஒரு மாச நோட்டீஸும், வருஷத்துக்குப் பதினைஞ்சு நாள் சம்பளமும் இருக்கு. கூடவே, ஆள்குறைப்புல போறவங்களுக்கு மறுபயிற்சி நிதின்னு இன்னொரு பதினைஞ்சு நாள் சம்பளம். ஆனா எல்லாமே அவங்க அனுப்பினாத்தான். நீங்களா போனா அதே கதைதான்.

சரி, கதைக்கு வருவோம். அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்திருந்தோம். அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவாக் கேட்டார்.

"நீ யாருக்காவது இந்த மாதிரி பண்ணியிருக்கியாடா?"

மண்ணச்சநல்லூர்ப் பொண்ணைப் பத்திச் சொன்னேன். எக்செல் ஷீட், ரெண்டு வரி, சுவீட், எல்லாம். அவர் திட்டலை. "எக்ஸ்ரே எடுக்காமயே ஜாயின்ட் சரியில்லைன்னு எழுதிட்ட"ன்னார். அப்புறம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதுக்கு அவர் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேக்கணும்னு நெனைச்சுத்தான் பண்ணினேன், வாய் வரலை. எனக்கும் வேலை போச்சும்மான்னு சொன்னேன். "அய்யோ, அண்ணிக்கு இப்ப எத்தனை மாசம்ணா?"ன்னு அது என்னை விசாரிக்குது. அதுக்கப்புறம்தான் சொன்னேன், மார்க் போட்டது நான்தான்னு. "தெரியும்ணா"ன்னுச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் சத்தமே இல்ல. "நீங்க போட்டது கூடப் பரவாயில்லண்ணா. உங்களுக்கும் பிரஷர் இருந்திருக்கும். எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தப்பா வேலை செஞ்சேன்னே ஒரு வருஷமா நெனைச்சிட்டிருந்தேன்."

இந்தத் தொழில்ல கொடுமை எதுன்னு கேட்டா ராத்திரி முழிப்பு, முதுகுவலி, பீட்சா, இதெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அதெல்லாம் உடம்போட போச்சு. நம்மளை வெளியே அனுப்பற பேப்பரை நம்ம கையாலயே எழுத வைக்கிறாங்க. அடுத்தவனை அனுப்பற பேப்பரையும் நம்ம கையாலதான் எழுத வைக்கிறாங்க. கடைசியில ஷீட்ல பாத்தா கம்பெனி கையெழுத்து எங்கேயுமே இருக்காது. எல்லாம் நம்மாளுங்க கையெழுத்துதான்.

நான் ராத்திரி பகலாக் காத்த அந்த சைட் கூட இப்ப இல்ல. இன்னொரு பெரிய கடை வாங்கி இழுத்து மூடிடுச்சு. அட்ரஸைத் தட்டினா எரர்தான் வருது. அப்பா ஒட்டின குழாய் இன்னும் எங்கேயோ ஒரு கரன்ட் ஸ்டேஷன்ல அவர் நம்பரோட நிக்கும். இதை வெச்சு நான் புலம்பினா அவர் சிரிக்கிறார். "அந்த பாய்லரையும் ஒரு நாள் உடைச்சுப் பழைய இரும்புக்குப் போடுவான்டா. நான் பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடறப்ப படிச்சுட்டுத்தான் போட்டேன், அதைப் பாரு."

தெருப் பையன்கிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். அந்த ரூம்ல எதையும் அனுப்பாதே, கையெழுத்துப் போடாதே. "எழுத்துல குடுங்க, படிச்சுட்டு வர்றேன்"னு மட்டும் சொல்லு. சம்பள ஸ்லிப், அப்பாயின்மென்ட் லெட்டர், அப்ரைசல் லெட்டர் எல்லாத்தையும் இப்பவே வீட்டுல காப்பி வெச்சுக்க, லாகின் போனா ஒண்ணும் கெடைக்காது. வீட்டுக்குன்னு தனியா ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடு. ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேக்கிற வரைக்கும் புது ஈஎம்ஐ வேணாம். முக்கியமா, வீட்டுல இன்னைக்கே சொல்லிடு, என்னை மாதிரி மூணு நாள் முழுங்கிட்டு நிக்காதே.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "வேலை போயிடுமாண்ணா?"ன்னான். போகலாம்னு சொன்னேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. எழுத்துல கேட்டதால மட்டும் வேலை நிக்காது. ஆனா அவங்க அனுப்பினாங்கன்னு எழுதறதுக்கு அவங்க கை தேவைப்படும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணியிலேர்ந்து எனக்கு இங்கே வேலையே ஓடலை. (இப்ப திருச்சியிலேயே ஒரு சின்னக் கம்பெனியில இருக்கேன். பழைய சம்பளத்துல முக்காவாசி. அதே அலாரம்தான், ஆனா ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பாக்கறோம். அப்ரைசல் ஷீட் வந்தா முதல்ல அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் நிரப்பறேன். ஒரு தடவை நிரப்ப மாட்டேன்னு திருப்பியும் அனுப்பியிருக்கேன். ஒண்ணும் ஆகலை, இதுவரைக்கும்.) பன்னெண்டே காலுக்குப் பையன் போன் பண்ணினான்.

"எழுத்துல கேட்டேன்ணா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. லாகின் இன்னும் இருக்கு."

இதை எழுதற வரைக்கும் லாகின் இருக்கு. நாளைக்கு எப்படின்னு தெரியாது. சாயங்காலம் அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமயே கேட்டார்:

"கூட சங்கத்து ஆள் யாரும் போகலையா?"